சி-ல தேதியை டைம்ஸ்டாம்ப்பா மாத்தி, திரும்ப தேதியா கொண்டு வர்றது: முழுமையான வழிகாட்டி

சி ப்ரோக்ராமிங் மொழில ஒரு தேதியை டைம்ஸ்டாம்ப்பா, அதாவது அந்த நொடியைக் குறிக்கிற ஒரே எண்ணா, மாத்துறது பாக்க ரெண்டு வரி வேலை மாதிரி தான் தெரியும். ஆனா புதுசா வர்றவங்க எழுதுற கோடை ரிவ்யூ பண்ணிப் பாத்தா திரும்பத் திரும்ப அதே இடங்கள்ல தான் வழுக்குறாங்க, நேரம் அஞ்சரை மணி தள்ளிப் போகும், மாசம் ஒண்ணு கூடிப் போகும், லண்டன்ல இருக்கிற யூசருக்கு மட்டும் கோடைக்காலத்துல ஒரு மணி நேரம் இடிக்கும். எம்கேடைம்ங்கிற ஃபங்ஷன் நல்லா இருக்குன்னு முதல்ல அதைக் கூப்பிட்டுட்டு, கையில இருக்கிற தேதி எந்த ஊர் நேரம்னு கடைசில யோசிக்கிறதால தான் இதெல்லாம் வருது. அதனால இங்க வரிசை ரொம்ப முக்கியம், தாண்டித் தாண்டிப் படிக்காதீங்க.

## 0. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

டைம்.ஹெச் ஹெடர் வேணும், லினக்ஸ் இல்லன்னா மேக் இருந்தா சுலபம், விண்டோஸ்ல சில பேர் மாறும், அதை அந்தந்த இடத்துல சொல்றேன்.

ரெண்டு டைப் தெரிஞ்சிருக்கணும். ஒண்ணு டைம்_டி, இது வெறும் ஒரு எண், 1970 ஜனவரி 1 யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவுல இருந்து எத்தனை செகண்ட் ஆச்சுங்கிற கணக்கு. இன்னொண்ணு ஸ்ட்ரக்ட் டிஎம், இதுல வருஷம் மாசம் நாள் மணி எல்லாம் தனித்தனி ஃபீல்டா இருக்கும்.

டைம்ஸோன் டேட்டா மெஷின்ல இருக்கான்னும் பாத்துக்கோங்க. சின்ன கன்டெய்னர் இமேஜ்கள்ல டிஇசட்டேட்டா பேக்கேஜ் பல நேரம் இருக்காது. அப்போ நீங்க ஏசியா/கொல்கத்தான்னு செட் பண்ணாலும் ஜிலிப்சி (லினக்ஸ்ல வழக்கமா இருக்கிற சி லைப்ரரி) எர்ரர் எதுவும் காட்டாம யூடிசியையே எடுத்துக்கும். லேப்டாப்புல சரியா ஓடுது, சர்வர்ல மட்டும் 5:30 குறையுதுன்னா முதல்ல பாக்க வேண்டிய இடம் இது தான்.

## 1. எந்த ஊர் நேரம்னு முதல்ல முடிவு பண்ணுங்க

டைம்_டிக்கு ஊரே கிடையாது. 1234567890-ங்கிற எண் சென்னையிலயும் டொரான்டோவிலயும் ஒரே நொடியைத் தான் குறிக்கும். ஸ்ட்ரக்ட் டிஎம் அப்படி இல்ல, அதுல இருக்கிற 10 மணி ஏதோ ஒரு ஊரோட 10 மணி, ஆனா எந்த ஊர்னு சி ஸ்டாண்டர்ட் படி அதுல எங்கயுமே எழுதி இருக்காது, நீங்க தான் ஞாபகம் வெச்சுக்கணும். குழப்பம் மொத்தமும் இங்க இருந்து தான் ஆரம்பிக்குது.

அதனால வேரியபிள் பேர்லயே எழுதி வைங்க, யூடிசின்னா பேர் முடியுற இடத்துல யூடிசி, உள்ளூர் நேரம்னா லோக்கல். கம்பைலர் இதைக் கவனிக்காது, ஆனா ஆறு மாசம் கழிச்சு அந்த கோடைத் திறக்கிறவருக்கு அது மட்டும் தான் துணை.

## 2. நாலு ஃபங்ஷன்ல எதுன்னு இப்போ தேர்ந்தெடுங்க

- எண்ணுல இருந்து யூடிசி தேதி: ஜிஎம்டைம்
- எண்ணுல இருந்து உள்ளூர் தேதி: லோக்கல்டைம்
- உள்ளூர் தேதியில இருந்து எண்: எம்கேடைம்
- யூடிசி தேதியில இருந்து எண்: டைம்ஜிஎம்

இதுல முதல் மூணும் பழைய ஸ்டாண்டர்ட்லயே இருக்கு. நாலாவதான டைம்ஜிஎம் ரொம்ப நாளா லினக்ஸ், பிஎஸ்டியில மட்டும் இருந்துச்சு, சி ஸ்டாண்டர்டோட புதுப் பதிப்பான சி23 வந்தப்போ தான் ஸ்டாண்டர்டுக்குள்ள வந்துச்சு. விண்டோஸ்ல அதே வேலையைப் பண்றதுக்குப் பேர் _எம்கேஜிஎம்டைம்.

நாலாவது ரொம்ப நாளா ஸ்டாண்டர்ட்ல இல்லாததால தான் பலர் ஜிஎம்டைம்ல எடுத்த தேதியைத் திரும்ப எம்கேடைம்ல குடுத்துடுறாங்க. இந்திய நேரம் செட் ஆன மெஷின்ல இப்படிப் போனா ஒவ்வொரு தடவையும் 19800 செகண்ட் குறையும், அதாவது சரியா அஞ்சரை மணி நேரம். லாக்ல இந்த 19800 கண்ணுல பட்டா வேற எங்கயும் தேட வேண்டாம், ஜோடி மாறிப் போச்சுன்னு அர்த்தம்.

## 3. ஸ்ட்ரக்ட்டை பூஜ்யமாக்கிட்டு அப்புறம் நிரப்புங்க

டிக்ளேர் பண்ணும்போதே பூஜ்யம் போட்டு இனிஷியலைஸ் பண்ணிடுங்க. லோக்கல் வேரியபிளா இருந்தா ஸ்டாக்ல கிடந்த பழைய குப்பை அப்படியே உள்ள இருக்கும், நீங்க செகண்ட் ஃபீல்டை நிரப்ப மறந்தீங்கன்னா அந்தக் குப்பையும் சேந்து கணக்காகி, ஒரு தடவை ஓட்டினா ஒரு விடை இன்னொரு தடவை வேற விடைன்னு வரும்.

அப்புறம் ஃபீல்டுகள்:

வருஷம், அதாவது டிஎம்_இயர், 1900-ல இருந்து எண்ணணும். 2024-னா 124. இங்க 2024-னே போட்டா 3924-ஆம் வருஷத்துக்குப் போயிடும், எர்ரரும் வராது.

மாசம், டிஎம்_மான், 0-ல ஆரம்பிக்கும். ஜனவரி 0, டிசம்பர் 11. ஆனா நாள், டிஎம்_எம்டே, 1-ல இருந்து. பக்கத்துப் பக்கத்து ஃபீல்டுகள்லயே ரெண்டு விதமான எண்ணிக்கை, அதனால யாருக்கா இருந்தாலும் கை தவறத் தான் செய்யும், இதுக்கு ஒரு சின்ன ஹெல்பர் ஃபங்ஷன் எழுதி கழிக்கிற வேலையை அதுக்குள்ள மட்டும் வெச்சுக்கோங்க, ப்ராஜெக்ட் பூரா மைனஸ் 1900 மைனஸ் 1-னு இறைச்சு விடாதீங்க.

வாரத்து நாளையும், வருஷத்துல எத்தனாவது நாள்ங்கிறதையும் நிரப்ப வேண்டாம். எம்கேடைம் அது ரெண்டையும் படிக்காது, கணக்குப் போட்டு அதுவே எழுதித் தரும்.

## 4. டிஎஸ்டி ஃபீல்டுல மைனஸ் 1 போடுங்க

மேல பூஜ்யமாக்கச் சொன்னேன் இல்லையா, அதுல ஒரு ஃபீல்டுக்கு மட்டும் பூஜ்யம் ஆபத்து. டிஎம்_இஸ்டிஎஸ்டி. டிஎஸ்டின்னா சில நாடுகள்ல கோடைக்காலத்துல கடிகாரத்தை முன்னால தள்ளி வைக்கிற வழக்கம். அந்த ஃபீல்டுல 0 இருந்தா இந்த நேரத்துல டிஎஸ்டி இல்லன்னு நீங்களே உறுதியா சொல்றதா அர்த்தம், பாசிட்டிவ் எண் இருந்தா டிஎஸ்டி இருக்குன்னு அர்த்தம், நெகட்டிவ் இருந்தா எனக்குத் தெரியாது நீயே பாத்துக்கோன்னு அர்த்தம்.

இந்தியாவில டிஎஸ்டி இல்லாததால இங்க உக்காந்து டெஸ்ட் பண்ணா இந்தத் தப்பு கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது. லண்டன்ல ஓடும்போது பாருங்க. 2024 ஜூலை 15 காலைல 10 மணின்னு நிரப்பி ஃபிளாகை 0-லயே விட்டா, அதை கிரீன்விச் நேரம் 10 மணின்னு எடுத்துக்கும். அங்க ஜூலைல கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால ஓடுறதால ஸ்ட்ரக்ட்டுக்குள்ளயே 10-ஐ 11-ன்னு மாத்திடும். எண்ணும் 3600 கூடிப் போகும்.

மைனஸ் 1 போட்டாலும் தீராத கேஸ் ரெண்டு இருக்கு. 2024 மார்ச் 31 லண்டன்ல 1 மணி ஆனதும் கடிகாரம் 2-க்குத் தாவிடுச்சு, அதனால அன்னைக்கு 1:30-ங்கிற நேரமே கிடையாது. அதே வருஷம் அக்டோபர் 27-ல 2 மணி ஆனதும் திரும்ப 1-க்கு வந்துச்சு, அதனால 1:30 ரெண்டு தடவை வந்துச்சு, ஒண்ணு யூடிசி 0:30, இன்னொண்ணு யூடிசி 1:30. இந்த இடத்துல லைப்ரரி எதை எடுக்கும்னு நம்பி கோடு எழுதக் கூடாது. அப்பாயின்ட்மென்ட், பில்லிங் மாதிரி வேலைன்னா டேட்டாவைச் சேமிக்கும்போதே யூடிசி எண்ணாச் சேமிங்க, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக்குங்க.

## 5. கூப்பிட்டதும் விடையைச் சரி பாருங்க

எம்கேடைம் தோத்துப் போனா மைனஸ் 1 தரும். ஆனா மைனஸ் 1-ங்கிறது 1969 டிசம்பர் 31 யூடிசி 23:59:59-க்கு உண்மையான விடையும் கூட. பிறந்த தேதி வாங்குற ப்ரோக்ராம்ல இந்த நேரம் அபூர்வமா வரலாம். அதனால கூப்பிடுறதுக்கு முன்னாடி வாரத்து நாள் ஃபீல்டுல மைனஸ் 1 போட்டு வைங்க, ஜெயிச்சா அது 0-ல இருந்து 6-க்குள்ள மாறி இருக்கும், தோத்தா மாறாம கிடக்கும்.

அடுத்தது, இது தப்பான தேதியைத் தடுக்காது, திருத்தி விடும். 2023 பிப்ரவரி 30-னு குடுத்தா மார்ச் 2-ன்னு மாத்தி அதுக்கான எண்ணைத் தரும், புகாரே சொல்லாது. யூசர் டைப் பண்ணின தேதி சரியான்னு பாக்கணும்னா, கூப்பிடுறதுக்கு முன்னாடி ஸ்ட்ரக்ட்டுக்கு ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டு, கூப்பிட்ட பிறகு வருஷம் மாசம் நாள் மூணும் அதே தானான்னு ஒப்பிட்டுப் பாருங்க. மாறியிருந்தா அது இல்லாத தேதி.

## 6. திரும்ப வரும்போது _ஆர் வடிவத்தையே பயன்படுத்துங்க

ஜிஎம்டைமும் லோக்கல்டைமும் தர்ற பாயின்டர் உங்களுது இல்ல, லைப்ரரிக்குள்ள இருக்கிற ஒரே ஒரு ஸ்ட்ரக்ட்டை காட்டும். ஆரம்ப நேரம், முடிவு நேரம்னு ரெண்டுக்கும் தனித்தனியா லோக்கல்டைம் கூப்பிட்டு ரெண்டு பாயின்டரையும் வெச்சுக்கிட்டு கடைசில பிரிண்ட் பண்ணா ரெண்டுமே முடிவு நேரத்தைத் தான் காட்டும், ஏன்னா ரெண்டாவது கால் முதல்ல எழுதினதை அழிச்சுட்டு மேல எழுதிடுச்சு. த்ரெட் இருந்தா இன்னும் மோசம், யாரோட நேரம் யாருக்கு வரும்னே சொல்ல முடியாது.

ஜிஎம்டைம்_ஆர், லோக்கல்டைம்_ஆர் ரெண்டும் நீங்க குடுக்கிற ஸ்ட்ரக்ட்ல எழுதும். இதுவும் போசிக்ஸ்ல (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான ஸ்டாண்டர்ட்) இருந்து சி23-க்குள்ள வந்தாச்சு. விண்டோஸ்ல ஜிஎம்டைம்_எஸ், லோக்கல்டைம்_எஸ்னு இருக்கும், அங்க ஆர்க்யுமென்ட் வரிசை தலைகீழ், ஸ்ட்ரக்ட் முதல்ல, எண் ரெண்டாவது.

இன்னொரு விஷயம், லோக்கல்டைம்_ஆர் ஒவ்வொரு தடவையும் எந்த ஸோன்னு சொல்ற டிஇசட் என்விரான்மென்ட் வேரியபிளை மறுபடி படிக்கணும்னு கட்டாயம் இல்ல. அதனால ப்ரோக்ராம் ஆரம்பத்துல ஒரு தடவை டிஇசட்செட் கூப்பிட்டுடுங்க.

எழுத்தா மாத்த எஸ்டிஆர்எஃப்டைம் போதும். அது 0 திருப்பிக் குடுத்தா பஃபர் பத்தலன்னு அர்த்தம், அப்போ பஃபர்ல இருக்கிறதை பிரிண்ட் பண்ணாதீங்க. எழுத்தா மாத்துற பழைய ஃபங்ஷன்களான ஏஎஸ்சிடைம், சிடைம் ரெண்டையும் சி23-ல ஒதுக்கி வெச்சாச்சு, புது கோடுல வேண்டாம்.

## 7. எழுத்துல இருந்து படிக்கும்போது

இதுக்கு எஸ்டிஆர்பிடைம். புதுசா எழுதுறவங்க ப்ரோக்ராம் முதல் தடவை கிராஷ் ஆகுறது பெரும்பாலும் இங்க தான், காரணமும் விசித்திரமா இருக்கும்.

இது சி ஸ்டாண்டர்ட்ல இல்ல, போசிக்ஸ்ல தான் இருக்கு. கம்பைலருக்கு சி11 ஸ்டாண்டர்ட்னு கண்டிப்பா சொல்லி கம்பைல் பண்ணா, _எக்ஸ்ஓபன்_சோர்ஸ் மேக்ரோ டிஃபைன் பண்ணாத வரைக்கும் ஹெடர் இந்த ஃபங்ஷனை மறைச்சுடும். பழைய ஜிசிசி கம்பைலர் வார்னிங் மட்டும் குடுத்துட்டு, இது இன்ட் திருப்பித் தர்ற ஃபங்ஷன்னு தானா முடிவு பண்ணிக்கும். 64 பிட் மெஷின்ல பாயின்டர் பாதியா வெட்டுப்பட்டு, தொட்ட உடனே செக்மென்டேஷன் ஃபால்ட். ஜிசிசி 14-ல இருந்து இதை எர்ரராவே நிறுத்திடுது, ரொம்ப நல்ல மாற்றம். அந்த மேக்ரோவை எல்லா இன்க்ளூடுக்கும் மேல முதல் வரியா போடுங்க, டைம்.ஹெச்சுக்கு மேல மட்டும் போட்டா பத்தாது, ஏன்னா வேற ஹெடர் முன்னாடியே வந்து எதை மறைக்கணும்னு முடிவு பண்ணியிருக்கும்.

படிச்சு முடிச்சதும் ரெண்டு செக். நல் பாயின்டர் வந்தா தோல்வி. நல் இல்லாம வந்தா, அந்தப் பாயின்டர் எழுத்தோட கடைசில நிக்குதான்னு பாருங்க, நடுவுல நின்னா பின்னாடி படிக்காத குப்பை இருக்கு.

சரத்துல +0530 மாதிரி ஆஃப்செட் இருந்தா கவனம். ஜிலிப்சி அதைப் படிச்சு டிஎம்_ஜிஎம்டிஆஃப் ஃபீல்டுல 19800-னு போடும், ஆனா எம்கேடைமோ டைம்ஜிஎம்மோ அதைக் கணக்குல எடுக்காது. அதனால வரிசை இப்படி: முதல்ல அந்த 19800-ஐ தனி வேரியபிள்ல எடுத்து வைங்க, ஏன்னா டைம்ஜிஎம் போனதும் அந்த ஃபீல்டு 0 ஆயிடும். அடுத்தது டைம்ஜிஎம் கூப்பிடுங்க. கடைசில கழியுங்க. 2009-02-14 05:01:30 +0530-ஐ இப்படிப் போட்டா டைம்ஜிஎம் 1234587690 தரும், 19800 கழிச்சா 1234567890.

## 8. டைம்ஜிஎம் இல்லாத இடத்துல கையாலயே கணக்கு

சின்ன போர்டுல, பழைய கம்பைலர்ல டைம்ஜிஎம் இருக்காது. டிஇசட்டை யூடிசின்னு மாத்திட்டு எம்கேடைம் கூப்பிட்டு திரும்ப பழையபடி வைக்கிற வழி சிலர் சொல்வாங்க, த்ரெட் இருக்கிற ப்ரோக்ராம்ல அதைப் பண்ணாதீங்க, அந்த இடைவெளில வேற த்ரெட் நேரம் கேட்டா அதுக்கும் யூடிசி தான் போகும். கணக்காவே போட்டுடலாம், கஷ்டம் இல்ல.

மார்ச்சை வருஷத்தோட முதல் மாசமா வெச்சுக்கோங்க, அப்போ மார்ச் 0, பிப்ரவரி 11. ஜனவரி, பிப்ரவரின்னா வருஷத்துல 1 கழிச்சுக்கணும். இப்படிப் பண்றதால பிப்ரவரி 29 வருஷத்தோட கடைசி நாளா போயிடும், லீப் வருஷமா இல்லையான்னு நடுவுல எந்த இஃப்பும் வேண்டாம்.

வருஷத்துக்குள்ள எத்தனாவது நாள்: மாச எண்ணை 153-ஆல பெருக்கி, 2 கூட்டி, 5-ஆல வகுத்து மீதியை விட்டுடுங்க, அதோட நாள் மைனஸ் 1-ஐக் கூட்டுங்க. மார்ச்ல இருந்து ஜூலை வரைக்கும் அஞ்சு மாசத்துக்கு 153 நாள், அடுத்த அஞ்சு மாசத்துக்கும் அதே 153, அதான் இந்த எண்.

மொத்த நாள்: வருஷம் பெருக்கல் 365, அதோட வருஷத்தை 4-ஆல வகுத்தது கூட்டி, 100-ஆல வகுத்தது கழிச்சு, 400-ஆல வகுத்தது கூட்டி, மேல வந்த நாளையும் கூட்டி, 719468 கழிங்க. வர்றது 1970 ஜனவரி 1-ல இருந்து எத்தனை நாள்ங்கிறது.

2000 பிப்ரவரி 29-க்குப் போட்டுப் பாக்கலாம். வருஷம் 1999, மாசம் 11. 153 பெருக்கல் 11 கூட்டல் 2 = 1685, 5-ஆல வகுத்தா 337, அதோட 28, ஆக 365. அடுத்து 1999 பெருக்கல் 365 = 729635, கூட்டல் 499, கழித்தல் 19, கூட்டல் 4 = 730119. அதோட 365 சேத்தா 730484, அதுல 719468 போனா 11016. இதை 86400-ஆல பெருக்கினா 951782400, சரியான விடை.

பெருக்கும்போது நாள் கணக்கை லாங் லாங்கா மாத்திட்டுப் பெருக்குங்க. 32 பிட் இன்ட்ல பெருக்கினா 2038 தாண்டின தேதிக்கு ஓவர்ஃப்ளோ, விடையை லாங் லாங்ல வாங்கினாலும் பிரயோஜனம் இல்ல, பெருக்கல் நடக்கும்போதே கெட்டுப் போச்சு.

திரும்ப எண்ணுல இருந்து நாளைப் பிரிக்கும்போது 1970-க்கு முந்தின நெகட்டிவ் எண்கள்ல கவனம். சி-ல வகுத்தல் பூஜ்யத்தைப் பாத்து வெட்டும். மைனஸ் 1-ஐ 86400-ஆல வகுத்தா 0 தான் வரும், அதாவது 1970 ஜனவரி 1. சரியான நாள் அதுக்கு முந்தின நாள். மீதி நெகட்டிவா வந்தா நாள்ல 1 கழிச்சு மீதில 86400 கூட்டிக்கோங்க.

## 9. நாளைக் கூட்டுறது, மாசத்தைக் கூட்டுறது

நாளைக்கு இதே நேரம்னு வேணும்னா எண்ணுல 86400 கூட்டாதீங்க, டிஎஸ்டி மாறுற நாள் 23 இல்லன்னா 25 மணி நேரம் இருக்கும். நாள் ஃபீல்டுல 1 கூட்டி, டிஎஸ்டி ஃபீல்டை திரும்ப மைனஸ் 1 ஆக்கி, எம்கேடைமை கூப்பிடுங்க. போன கால்ல அது 0 இல்லன்னா 1-ன்னு மாத்தி வெச்சிருக்கும், அதனால திரும்பப் போடுறதை விட்டுடாதீங்க.

மாசம் வேற கதை. 2024 ஜனவரி 31-ல மாசத்தை 1 கூட்டினா பிப்ரவரி 31 ஆகி, திருத்தினதும் மார்ச் 2-ல நிக்கும். ஈஎம்ஐ தேதிக்கு இது ஒத்து வராது. மாசக் கடைசி நாளுக்குள்ள நீங்களே வெட்டிக்கணும், இதுக்கு லைப்ரரில எதுவும் இல்ல.

## 10. அஞ்சரை மணியை எண்ணா எழுதி வைக்காதீங்க

இந்தியாவுக்கு 19800 இப்போ சரி தான். ஆனா அதே கோடை அப்படியே இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் எடுத்துட்டுப் போறப்போ தான் சிக்கல். இலங்கை இப்போ +5:30, ஆனா 1996 மே-ல +6:30-க்குப் போச்சு, அதே வருஷம் அக்டோபர்ல +6:00 ஆச்சு, 2006 ஏப்ரல்ல தான் திரும்ப +5:30-க்கு வந்துச்சு. 2000-ல யாழ்ப்பாணத்துல பதிவான ஒரு நேரத்தை 19800 வெச்சு மாத்தினா அரை மணி நேரம் தப்பு. சிங்கப்பூர் இப்போ +8:00, 1981 கடைசி வரைக்கும் +7:30. பழைய பிறப்புப் பதிவு, ஜாதகம் போடுற மென்பொருள் எழுதுறவங்களுக்கு இந்த அரை மணி நேரம் சின்ன விஷயம் இல்ல, லக்னமே மாறிடலாம்.

ஏசியா/கொழும்பு, ஏசியா/சிங்கப்பூர்னு ஸோன் பேரை டிஇசட்ல குடுத்தா இந்த மாற்றங்களை எல்லாம் டேட்டா ஃபைலே பாத்துக்கும். பேருக்குப் பதிலா எண்ணாவே குடுத்துத் தான் ஆகணும்னா, போசிக்ஸ் முறைல குறி தலைகீழ், இந்தியாவுக்கு ஐஎஸ்டி மைனஸ் 5:30-னு எழுதணும். ப்ளஸ் போட்டா மொத்தம் 11 மணி நேரம் விலகும்.

## 11. எண்ணோட அளவு

டைம்_டி 32 பிட்டா இருந்தா கடைசி எண் 2147483647, அது 2038 ஜனவரி 19 யூடிசி 03:14:07, நமக்கு காலை 08:44:07. அடுத்த நொடி பல சிஸ்டம்ல 1901 டிசம்பர் 13-க்குப் போயிடும். 64 பிட் லினக்ஸ்ல கவலை இல்ல. 32 பிட் லினக்ஸ்ல ஜிலிப்சி 2.34-ல இருந்து _டைம்_பிட்ஸையும் _ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸையும் 64-ன்னு டிஃபைன் பண்ணா பெரிய டைப் கிடைக்கும். ஆனா ஃபைல்ல, நெட்வொர்க்ல எழுதும்போது 4 பைட்டா வெட்டி எழுதற கோடு இருந்தா இதெல்லாம் பண்ணியும் பலன் இல்ல, அதையும் தேடிப் பாருங்க.

ஜாவாஸ்கிரிப்ட், ஜாவால இருந்து வர்ற எண் மில்லிசெகண்ட்ல இருக்கும், இப்போதைய தேதிக்கு 13 இலக்கம். செகண்ட்னா 10 இலக்கம். 13 இலக்கத்தை அப்படியே ஜிஎம்டைம்ல குடுத்தா 50 ஆயிரத்தைத் தாண்டின ஒரு வருஷம் வரும்.

பிரிண்ட் பண்ணும்போது லாங் லாங்கா காஸ்ட் பண்ணிட்டு பிரிண்ட் பண்ணுங்க, டைம்_டி எத்தனை பிட்னு ஸ்டாண்டர்ட் சொல்லல.

## 12. இந்த எண்களை வெச்சு டெஸ்ட் எழுதுங்க

- 0: 1970 ஜனவரி 1, யூடிசி 00:00:00. கொல்கத்தா ஸோன்ல 05:30, லண்டன் ஸோன்ல 01:00. லண்டன்ல 00:00 வரும்னு தான் எதிர்பாப்பீங்க, ஆனா 1968-ல இருந்து 1971 வரைக்கும் பிரிட்டன் வருஷம் முழுக்க ஒரு மணி நேரம் முன்னால ஓடுச்சு.
- மைனஸ் 1: 1969 டிசம்பர் 31, யூடிசி 23:59:59.
- 951782400: 2000 பிப்ரவரி 29. 100-ஆல வகுபடுறதை மட்டும் பாத்து 400-ஐ மறந்த கோடு இங்க மாட்டும்.
- 1234567890: யூடிசில 2009 பிப்ரவரி 13, 23:31:30. இந்தியால பிப்ரவரி 14, 05:01:30. தேதியே மாறுறதால ஸோன் குழப்பம் உடனே தெரிஞ்சிடும்.
- 2147483648: 2038 ஜனவரி 19, யூடிசி 03:14:08.
- 4107542400: 2100 மார்ச் 1. 2100 லீப் வருஷம் இல்ல, வெறும் 4-ஆல வகுத்துப் பாக்குற கோடு இங்க பிப்ரவரி 29-னு சொல்லும்.

ஒவ்வொண்ணையும் ரெண்டு பக்கமும் ஓட்டுங்க, எண்ணுல இருந்து தேதி, அந்தத் தேதில இருந்து திரும்ப எண். மொத்த டெஸ்ட்டையும் டிஇசட்டை யூடிசி, ஏசியா/கொல்கத்தா, யூரோப்/லண்டன், ஏசியா/கொழும்புன்னு மாத்தி மாத்தி நாலு தடவை ஓட்டுங்க. யூடிசி ஃபங்ஷன்களோட விடை நாலு தடவையும் ஒரு எழுத்து கூட மாறக் கூடாது. மாறுச்சுன்னா உள்ள எங்கயோ ஒரு எம்கேடைமோ லோக்கல்டைமோ நுழைஞ்சிருக்கு, அந்த ஃபங்ஷனைத் திறந்து 2-ஆம் படில இருக்கிற ஜோடியோட ஒப்பிட்டுப் பாருங்க.